ஆறு முகம், ஐந்து தொப்பி

அத்திப்பட்டில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால்தான் சென்னைக்கு வடக்கே வள்ளூரில் இருக்கும் ஒருவருக்கு நல்ல எண்ணெய் ஓவியத்தின் தரிசனம் கிடைக்கும் என்றிருந்த காலம் உண்டு. எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை என்று நின்று நின்று போகும் வண்டி. இறங்கியபின் இரண்டு வழி. எழும்பூர் அருங்காட்சியகம் போனால் ரவிவர்மா. ஜார்ஜ் கோட்டைக்குள் போனால், 1948-இல் திறந்த அருங்காட்சியகத்தின் மாடியில் இங்கிலாந்து ராஜா ராணிகளும் கவர்னர்களும். படங்கள் உயரத்தில் தொங்கும். ஜன்னல் வெளிச்சம் வார்னிஷில் பட்டுக் கண் கூசும். பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து நின்றால்தான் முகம் பிடிபடும். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில், 1793-இல் திறந்த காலம்தொட்டே ஓவியர்கள் உள்ளே உட்கார்ந்து பழைய படங்களைப் பிரதி எடுக்கிறார்கள். அசலின் அளவிலேயே எடுக்கக் கூடாது என்பது மட்டும் விதி. அந்த வழக்கம் இங்கே வேர்பிடிக்கவில்லை. நம் ஊர்ப் பையன்கள் பார்த்ததை மனசில் ஏற்றிக்கொண்டு, திரும்பும் ரயிலில் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கினார்கள்.

இன்று ரயிலே வேண்டாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் தன் சேகரிப்பை இணையத்தில் இலவசமாக அள்ளிக் கொடுக்கிறது. ரெம்ப்ராண்ட் 1642-இல் தீட்டிய ‘இரவுக் காவல்’ படத்தை 8,439 துண்டுகளாகப் புகைப்படம் எடுத்து ஒட்டி, 717 கிகாபிக்சல் படமாக 2022-இல் வெளியிட்டார்கள். நம் கணக்கில் 71,700 கோடி புள்ளிகள். அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிகிற மொட்டை மாடியில் நின்றுகொண்டு, 380 வருடத்துக்கு முந்தைய ஒரு சாயத் துளியில் விழுந்த வெடிப்பைப் பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாமில் படத்தின் முன்னால் நிற்கும் பார்வையாளருக்குக்கூடக் கிடைக்காத கிட்டப் பார்வை.

ஓவியம் கற்கிறவருக்கு இது பெரிய பாக்கியம் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

உருவப்படம் பழகுகிறவர்களுக்கு ஒரு முகத்தைப் பார்த்து வரைவது ஒரு கட்டம். பலர் கூடியிருக்கும் படத்தைப் பிரதி எடுப்பது அடுத்த கட்டம். அதற்கு நான் சிபாரிசு செய்வது ‘இரவுக் காவல்’ அல்ல. அதில் கூட்டமும் குழப்பமும் அதிகம். அதே ரெம்ப்ராண்ட் இருபது வருடம் கழித்து, 1662-இல், ஆம்ஸ்டர்டாம் துணி வணிகர் சங்கத்துக்காகத் தீட்டிய படம் ஒன்று உண்டு. துணியின் தரத்தைச் சோதிக்கும் ஐந்து அதிகாரிகள் ஒரு மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். மேசைமேல் சிவப்புக் கம்பளம், விரித்த ஒரு பெரிய புத்தகம். ஐந்து பேர் தலையிலும் அகலமான கறுப்புத் தொப்பி. பின்னால் தொப்பி இல்லாமல் நிற்பவர் அவர்களுடைய வேலையாள். நம் தொழிற்சாலைகளில் பிரிவுபசார விழாவன்று எடுக்கும் குரூப் போட்டோவில், நாற்காலியில் உட்கார்ந்த அதிகாரிகளுக்குப் பின்னால் ஓரமாக ஒரு பியூன் நிற்பாரே, அந்த இடம். படம் ஆறு அடிக்கு மேல் உயரம், ஒன்பது அடிக்கு மேல் அகலம். ஆறு பேரில் ஒருவரும் அநாவசியமாக இல்லை.

வட சென்னையில் ஒரு தலைமுறைக்கு முன்பு முகம் வரையக் கற்றவர்கள் இப்படிப்பட்ட படத்தைப் பார்த்துக் கற்கவில்லை. அவர்களுடைய பள்ளிக்கூடம் பேனர் கம்பெனி. தண்டையார்பேட்டை அகஸ்தியா மாதிரியான தியேட்டர்களின் வாசலில் ஏறிய பேனர்கள்தான் அவர்களுக்குக் கண்காட்சி. வேலைக்குச் சேர்ந்தவுடன் யாரும் பிரஷ்ஷைக் கையில் தர மாட்டார்கள். முதலில் டப்பா கழுவ வேண்டும். பிறகு பவுடர் கலரை எண்ணெயில் குழைக்க வேண்டும். பிறகு சாக்பீஸ் தடவிய நூலைத் துணியில் அடித்துக் கட்டம் போட வேண்டும். கம்பெனி அனுப்பிய சின்ன ஸ்டில் போட்டோவிலும் பென்சிலால் அதே கணக்கில் கட்டம். ஒரு கட்டத்தில் இருப்பதை இன்னொரு கட்டத்துக்கு ஏற்றுவதுதான் வேலை. பின்னணி, சட்டை, புடவை, கை என்று கொஞ்சம் கொஞ்சமாக அனுமதி கிடைக்கும். முகம் மட்டும் மாஸ்டர் போடுவார். கதாநாயகன் முகத்துக்குக் கைபோட ஒரு பையன் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

யோசித்தால், சினிமா பேனரும் ஒரு கூட்டுப்படம்தான். நாயகன், நாயகி, வில்லன், காமெடியன், அம்மா. ஆனால் அங்கே யார் பெரியவர் என்பதை அளவு தீர்மானிக்கும். நாயகனின் மூக்கு வில்லனின் முழு முகத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். டச்சுக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. அங்கே சங்கத்துக்காரர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று தங்கள் பங்கைக் கொடுத்துத் தங்களை வரையச் சொன்னார்கள். காசு கொடுத்தவரைச் சின்னதாக்க முடியுமா? எல்லோரும் ஒரே அளவு, ஒரே கறுப்பு உடை, ஒரே வெள்ளைக் காலர். அப்படியும் படத்தில் ஒருவர் முந்தி நிற்கிறார், ஒருவர் ஒதுங்குகிறார் என்றால் அதைச் செய்வது வெளிச்சமும் தலைகளின் ஏற்ற இறக்கமும்தான். பேனர் சொல்லித்தராத பாடம் இது.

ஆனால் பேனர் மாஸ்டர் சொல்லித்தந்த ஒரு பாடம் உண்டு. “டேய், தூரப் போய்ப் பாருடா.”

நாற்பதடிப் பேனரில் கண்ணை வரைகிறவனுக்குக் கண் தெரியாது; வண்ணத் திட்டுகள்தான் தெரியும். கன்னத்தில் ஒரு ரோஸ், தாடையோரம் ஒரு நீலம், கழுத்தடியில் பச்சை. ஏணியில் நிற்கும்போது அது கூத்து. இறங்கி எதிர்ச் சாரிக்குப் போய் நின்றால் அது சிவாஜி. பஸ்ஸில் போகிறவன் கண்ணுக்காகத் தீட்டிய முகம் அது. பையன் ஏணியிலேயே உட்கார்ந்து புருவத்தை முடி முடியாக இழுத்துக்கொண்டிருந்தால், மாஸ்டர் காலரைப் பிடித்து இறக்கிவிடுவார்.

ரெம்ப்ராண்ட் செய்ததும் இதையேதான் என்று சொன்னால் பேனர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து ஹௌப்ராக்கன் என்பவர் எழுதி வைத்த கதை ஒன்று உண்டு. பட்டறைக்கு வந்தவர்கள் மூக்கு உரசுகிற மாதிரி படத்துக்குக் கிட்டே போனால், பெயின்ட் வாடை உங்களுக்கு ஒத்துக்காது என்று சொல்லிப் பின்னுக்கு இழுத்துவிடுவாராம். கடைசிக் காலத்து ரெம்ப்ராண்டைக் கிட்டே பார்த்தால் சாயக் கட்டிதான். அந்தச் சிவப்புக் கம்பளத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கம்பளம் காணாமல் போய், தடித்த ஆரஞ்சுப் பூச்சுகள் மட்டும் மிஞ்சும்.

கைப்பேசியில் பழகுகிறவர்களிடம் நான் காண்கிற சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கையில் இருக்கும் படம் எப்போதும் கிட்டத்தில்தான் இருக்கிறது. இரண்டு விரலால் விரித்தால் ஒரு கண் இமை திரையை நிறைக்கிறது. உடனே அந்த இமையை வரையத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு கண் பிரமாதமாக வரும். அடுத்த கண் அரை அங்குலம் தள்ளி முளைக்கும். ஆறு பேர் படத்தில் ஒரு முகம் முடிந்து மற்ற ஐந்தும் பென்சில் கோடாகக் கிடக்கிற கேன்வாஸ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத் தூரம் கட்டாயம்; அருங்காட்சியகத்துச் சுவர் உயரம், பேனர் பெரிது, கட்டத்துக்குள்தான் வேலை. இன்றைக்குத் தூரத்தை வம்படியாக உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எப்படி? படத்தை வீட்டு டிவியில் போட்டுவிட்டு வாசற்படியில் உட்காருங்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஆறு பேர் மறைந்து, ஒரு பெரிய கறுப்புத் திட்டும் அதன்மேல் சிதறிய வெளிர் புள்ளிகளும் தெரியும்: முகங்கள், காலர்கள், கைகள். அந்தத் திட்டைத்தான் முதலில் கேன்வாஸில் ஏற்ற வேண்டும். பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, தொப்பிகளையும் அங்கிகளையும் பிரிக்காமல் ஒரே பரப்பாகப் போடலாம். அதன்பின் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து எப்படி நகர்கிறது என்று முகம் முகமாக, ஆனால் எந்த முகத்தையும் முடிக்காமல், சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஒரு காலரை மட்டும் அளவுக்கு மீறி வெளுப்பாக்கினால் மற்ற ஐவரும் அணைந்துவிடுவார்கள். மேல் பூச்சுகளில் எண்ணெய் கூடிக்கொண்டே போக வேண்டும். மாறிப்போனால் பின்னாளில் வெடிக்கும்.

வெள்ளையிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ரெம்ப்ராண்ட் பயன்படுத்தியது ஈய வெள்ளை: இதமான, லேசாக ஊடுருவிப் பார்க்க முடிகிற வெள்ளை, விஷம். இன்று கடையில் டியூபில் கிடைப்பது பெரும்பாலும் டைட்டானியம் வெள்ளை, 1920-களுக்குப் பிறகு பரவியது. விஷமில்லை, ஆனால் முரட்டு வலிமை. எதில் கலந்தாலும் குளிர்ச்சியாக்கி, சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆக்கிவிடும். அதில் ஒரு துளி மஞ்சள் காவியும் அம்பரும் சேர்த்து அடக்காமல் அந்தக் காலர்களைப் போட்டால், 1662-ஆம் வருடத்து ஆள் சோப்பு விளம்பரத்துக்கு வந்தது போல் இருப்பார். கறுப்பும் அப்படியே. அவர் எலும்பைக் கருக்கிச் செய்த கறுப்பை வைத்திருந்தார். திரையில் கறுப்பு பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தோடு ஒளிர்கிறது; கேன்வாஸில் அது காயக் காய உள்வாங்கி மங்குகிறது. திரையை நம்பி நிறம் கலக்கிறவர் இரண்டு முறை ஏமாறுவார். வள்ளூர், மீஞ்சூர் பக்கம் இன்னொன்றும் சேரும்: ஈர எண்ணெய்ப் பூச்சு தொட்டுப் பார்க்கிற அளவுக்குக் காயவே நாள்கணக்கில் ஆகும், கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையோரத்தில் அத்தனை நாளும் புழுதி அதில் ஒட்டும். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, லேசாகக் கவிழ்த்துச் சாய்த்து வைப்பதுதான் வழி.

சொல்லித்தர ஆள் இல்லாத குறை இன்றைக்கு மட்டும் உரியதல்ல. ரவிவர்மாவே அதற்குச் சாட்சி. 1862-இல் பதினான்கு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தவருக்கு, எண்ணெய் வண்ணம் தெரிந்த அரசவை ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்தார். நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக வந்து தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார் என்பது வரலாறு. 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மன்னரை வரைய வந்தபோது, அவரும் கற்றுத்தர ஒப்பவில்லை. வேண்டுமானால் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார். ரவிவர்மா பார்த்தார். 1873-இல் மதராஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கினார். யூடியூபில் வாய் திறக்காமல் வரைந்து காட்டும் ஐரோப்பியரைப் பார்த்துக் கற்கும் இன்றைய பிள்ளைகள், ஒருவகையில் அந்த அரண்மனை மூலையில்தான் நிற்கிறார்கள். ஒரு வித்தியாசம்: ஜென்சனை நிறுத்தி மறுபடி ஓடவிட முடியாது.

அந்த ரவிவர்மா 1889-இல் மைசூர் மன்னருக்காக வரைந்த, பதினோரு பெண்கள் கூடியிருக்கும் இசைக் கூட்டம் நம் வீட்டுக் காலண்டர்களில் ஏறியது. தமிழ்நாட்டில் கூட்டுப்படம் பிரதி எடுத்தவர்களுக்குக் கைக்கெட்டியது அதுதான். அதை நான் குறைத்துப் பேசவில்லை. துணிகளின் ஜரிகையை அவர்போல் யார் வரைந்தார்? ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக வந்து உட்கார்ந்து வரையப்பட்டவள் போலவே எனக்குத் தெரிகிறது. ஒருத்தியை எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. முகம் முகமாகப் பிரதி எடுத்தாலும் வந்துவிடும். அதனாலேயே கூட்டத்தை வரையக் கற்றுத்தராது.

பிரதி எடுப்பது அடிமைப் புத்தி என்ற கட்சியும் பழையதே. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளிக்கு 1884-இல் பொறுப்பேற்று வந்த ஹாவெல், பிறகு கல்கத்தா போய், அங்கிருந்த பள்ளியின் ஐரோப்பியப் படங்களையும் சுதைப் பிரதிகளையும் அப்புறப்படுத்தினார். இந்தியப் பிள்ளைகள் இந்தியக் கலையைப் படிக்கட்டும் என்பது அவர் வாதம். எங்கள் படத்தை ஏன் எடுத்தீர்கள் என்று மாணவர்களே கலகம் செய்தார்கள். சென்னையிலும் 1957-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் கலைப்பள்ளியின் முதல்வரானதற்கும் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்ததற்கும் பிறகு, கண்டதைக் கண்டபடி வரைவதற்கு மதிப்புக் குறைந்தது. மறுபடியும் அதைக் கூட்டம் நின்று பார்க்க வைத்தவர், கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து 2021-இல் கொரோனாவுக்குப் பலியான ஓவியர் இளையராஜா. வாசல் வெளிச்சத்தில் நிற்கும் கிராமத்துப் பெண்களை அவர் எண்ணெயில் தீட்டிய விதத்தில், பழைய டச்சு வீட்டு ஜன்னல்களின் ஒளியை நான் காண்கிறேன். அதற்காக அந்தப் பெண்கள் டச்சுக்காரிகளாகிவிடவில்லை.

அடிமைப் புத்தி என்பவர்களுக்கு ரெம்ப்ராண்டைக் கொண்டே பதில் சொல்லலாம். 1656-க்கும் 1661-க்கும் இடையில், கடனில் மூழ்கித் திவாலான அந்த வருடங்களில், அவர் மொகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்துப் பிரதி எடுத்தார். இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. அதில் ஒன்று, மரத்தடியில் கூடியிருக்கும் நான்கு இஸ்லாமியப் பெரியவர்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு கூட்டுப்படம்! அடுத்த வருடமோ அதற்கடுத்த சில வருடங்களிலோ ஐந்து தொப்பிக்காரர்களை மேசையைச் சுற்றி உட்கார வைத்த கை, அதற்குமுன் நம் நாட்டுப் பெரியவர்கள் எப்படிக் கூடி உட்கார்கிறார்கள் என்று பழகியிருக்கிறது. இந்தியப் படங்கள் ஆம்ஸ்டர்டாம் போனது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்தோடு. அந்தக் கம்பெனி 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்ட பழவேற்காடு, வள்ளூரிலிருந்து பொன்னேரி வழியாக பஸ்ஸில் போகும் தூரம். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். துணி மூட்டைகள் அங்கிருந்து ஏறின. படத்திலுள்ள ஐவரும் சோதித்தது கம்பளித் துணி, நம் பருத்தி அல்ல. இருந்தாலும் பழவேற்காட்டுப் பேருந்துக்கு நிற்கிற பையன் கையில் அந்தப் படம் இருப்பதை அந்நியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பேனர் போய்விட்டது. 2000-களில் ஃபிளெக்ஸ் வந்து மாஸ்டர்களை வீட்டுக்கு அனுப்பியது. அகஸ்தியா தியேட்டரும் 2020-இல் மூடப்பட்டது. வள்ளூரும் பழைய வள்ளூர் இல்லை. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் வந்தது. 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம் ஊர்ப்பெயரோடு நிற்கிறது. உயர் அழுத்தக் கம்பிகள் வானத்தைக் கட்டம் கட்டமாக வெட்டுகின்றன. முகம் வரைபவருக்கு முன்பு கிடைத்த வேலைகள் தெரிந்தவையே: தியேட்டர், கட்சி, இறந்தவர் படம். இறந்தவர் படத்தையும் இப்போது கேன்வாஸில் அச்சிட்டு, எண்ணெய் ஓவியம் மாதிரி மேடுபள்ளம் வைத்தே கொடுக்கிறார்கள்.

எஞ்சியிருக்கிற வேலை விசித்திரமானது. பேரன் கல்யாணத்துக்கு, அவன் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட தாத்தாவும் பாட்டியும் மணமக்களோடு நிற்பது மாதிரி படம் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். “எல்லாரும் ஒண்ணா இருக்கிற மாதிரி போட்டுக் குடுங்கண்ணா.” ஒருபோதும் ஒரே அறையில் இல்லாதவர்களின் கூட்டுப்படம். தாத்தாவுக்கு இருப்பது ஸ்டுடியோவில் நேர் வெளிச்சத்தில் எடுத்த ரேஷன் கார்டு அளவுப் படம். பாட்டியின் படம் யாரோ எடுத்த திருவிழாப் புகைப்படத்தில் வெயில் உச்சியில் விழுந்தது. மணமக்கள் கைப்பேசியில், வலப்பக்க ஜன்னல் ஓரம். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுகிறவர்கள் மூன்று சூரியன்களோடு கொடுத்துவிடுவார்கள். வாங்குகிறவருக்கும் ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது.

ஐந்து தொப்பிக்காரர்களைப் பிரதி எடுத்துப் பழகியவருக்கு இங்கேதான் அது காசாகிறது. முதலில் ஒரே ஒரு ஜன்னலை முடிவு செய்வார். அதன்படி தாத்தாவின் மூக்கு நிழலை இடம் மாற்றுவார். புகைப்படத்தில் இல்லாத நிழலை மண்டையோட்டின் வடிவத்திலிருந்து ஊகிக்க வேண்டும், அதற்கு ஆறு தலைகளில் ஆறு கோணத்தில் அதே வெளிச்சம் விழுவதை வரைந்து பார்த்திருக்க வேண்டும். அடுத்த தலைவலி, தாத்தாவை எங்கே நிறுத்துவது என்பது. உட்கார வைத்தால் மணமக்கள் ஓங்குகிறார்கள். பின்னால் நிறுத்தினால் மூத்தவரை ஒதுக்கிவிட்டதாக அத்தைமார் பேசுவார்கள். ஆம்ஸ்டர்டாம் படத்தை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது, அந்த வேலையாளை ரெம்ப்ராண்ட் ஓரிடத்தில் போட்டு, அழித்து, இன்னோரிடத்தில் போட்டு, மறுபடி மாற்றியது தெரியவந்தது. ஆகவே பிரதி எடுக்கிறவர்கள் ஒரு முறையாவது தனித் தாளில் அந்தத் தொப்பியில்லாத மனிதரை மேசையின் வலக்கோடிக்கு நகர்த்தி வரைந்து பார்க்கட்டும். எந்தப் பக்கம் படம் சரிகிறது என்று அப்போது தெரியும். தாத்தாவின் நாற்காலியைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.